இல்லாத வாடை

மூட்டை பிரிக்கிற வேலைக்கு வந்த எந்த ஆளும் நிலைத்து நின்றதில்லை. துவைப்பது, பிழிவது, இஸ்திரி போடுவது எல்லாமே உடம்பு நோகிற வேலைதான். ஆனால் சோறு இறங்கும். மூட்டை பிரித்தவனுக்குச் சோறு இறங்காது. லாட்ஜுகளிலிருந்தும் நர்சிங் ஹோமிலிருந்தும் வந்து விழுகிற மூட்டைகளின் முடிச்சை அவிழ்த்து, விரிப்பு தனி, தலையணை உறை தனி, துண்டு தனி, இரத்தம் பட்டது தனி, மற்றது பட்டது தனி என்று கையால் பிரித்துப் போடவேண்டும். மற்றது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மனுஷ உடம்புக்குள்ளிருந்து என்னவெல்லாம் வெளியே வருமோ அத்தனையும். லாட்ஜில் தங்குகிற கோட்டு போட்ட ஆசாமிகூட விரிப்பில் மூக்கைச் சிந்துகிறான், செருப்பைத் துடைக்கிறான், குடித்துவிட்டு வாந்தியெடுத்து அப்படியே சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, தலையை வாரிக்கொண்டு போய்விடுகிறான். தூ! இவனெல்லாம் வெளியே போய் நாலு பேருக்குப் புத்தி சொல்லுவான்.

லாண்டரி நடத்தியவரைத் தெருவில் எல்லாரும் சொட்டுநீலம் என்றுதான் கூப்பிட்டார்கள். வெள்ளைத் துணிக்கு நீலம் விடுவதில் அவருக்குக் கை தாராளம். வேறு எதிலும் அந்தக் கை தாராளம் கிடையாது. மூட்டை பிரிக்க ஒருத்தன் வருவான், இரண்டு நாள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பிரிப்பான், மூன்றாம் நாள் ஆளை விட்டால் போதும் என்று ஓடிப்போவான். சொட்டுநீலம் அவனுடைய பரம்பரையையே திட்டிவிட்டு அடுத்த ஆளைத் தேடுவார்.

அப்படித் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று, மைத்துனன் வீட்டுக்கு வந்த பிறகு.

மைத்துனன் என்றால் அவர் பெண்டாட்டியின் தம்பி. மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து அக்காக்காரிதான் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தாள். வந்த புதிதில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சும்மா உட்கார்ந்திருப்பவனைச் சொட்டுநீலத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? "மாப்ளே, இந்த முடிச்சைக் கொஞ்சம் அவுரு" என்றார். அவிழ்த்தான். "அப்படியே பிரிச்சுப் போட்டுரு" என்றார். போட்டான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நர்சிங் ஹோம் மூட்டையில் கையை முழங்கை வரைக்கும் விட்டு, கனத்துக் கிடந்ததை எடுத்து உதறி, அதனதன் இடத்தில் போட்டான். கையுறை கேட்கவில்லை. வாய்க்குத் துணி கேட்கவில்லை. சம்பளம் என்ற பேச்சே இல்லை.

"தங்கம்யா என் மச்சான்!" என்று வந்தவன் போனவனிடமெல்லாம் சொட்டுநீலம் வாய் கூசாமல் பெருமையடித்தார். "பைத்தியம் புடிச்சவன்னு சொன்னாங்க. எனக்கு வாய்ச்ச ஆளுகள்ளயே இவன்தான்யா தெளிவு."

அக்காக்காரி இஸ்திரி மேசையில் நின்றபடி இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பெட்டியை இன்னும் அழுத்தித் தேய்ப்பாள். ஏனென்றால் அவளுடைய தம்பி எப்படி இருந்தவன் என்று அவளுக்குத் தெரியும். துணிக்கடைக் கவுண்டரில் நின்றவன் அவன். நகத்தில் துளி அழுக்கு இருக்காது. அவள் வீட்டுக்கு வந்தால் டம்ளரைத் தானே இன்னொரு முறை கழுவிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பான். "உன் புருசன் வாய வச்ச டம்ளரா? வேண்டாந்தாயி" என்று அவள் கோபப்படுகிற மாதிரி சொல்லிச் சிரிப்பான். பால் திரிவதற்கு முன்பே மூக்கை வைத்துச் சொல்லிவிடுவான்.

பிறகுதான் தலைக்குள் யாரோ பேச ஆரம்பித்தார்கள். தண்ணீரில் மருந்து கலந்திருக்கிறது என்றான். ஜன்னலை ஆணி வைத்து அடித்தான். வீட்டில் எதுவோ செத்துக் கிடக்கிறது, நாறுகிறது, உங்களுக்கெல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி நடிக்கிறீர்கள் என்று கத்தினான். கடைசியில், அவனைப் பார்த்துக்கொள்ள வந்த அக்காவே சோற்றில் எதையோ பிசைந்து கொடுக்கிறாள் என்று தட்டைத் தூக்கி அவள் மேலேயே எறிந்தான். "என் தாலி மேல சத்தியமாடா, உன் சோத்துல நான் எதையும் கலப்பேனாடா?" என்று நெற்றியில் சோற்றுப் பருக்கையோடு அழுதாள் அவள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி.

அங்கே அவனைப் பார்க்கப் போனபோது வார்டில் பார்த்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஈரத் தரையில் சட்டையில்லாமல் குந்தியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே சீப்பு. அடைத்துக்கொண்ட கக்கூஸிலிருந்து தண்ணீர் வழிந்து கட்டில் கால் வரைக்கும் வந்திருந்தது, அதில் காலை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். தன் தம்பியை மறுபடி அங்கே அனுப்பக் கூடாது. அவளுக்கு இருந்தது இந்த ஒரே குறிதான்.

அனுப்புவதா வேண்டாமா என்று சொல்வது மார்க்குப் பொண்ணு கையில் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற பெண். வீட்டில்தான் அவளுக்கு இந்தப் பெயர். தூங்குகிறாரா, தானாகக் குளிக்கிறாரா, கோபப்படுகிறாரா, வேலை செய்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மார்க்குப் போடுவாள். நல்ல மார்க்கு என்றால் வீட்டோடு இருக்கலாம். மார்க்கு இறங்கினால் வார்டு. கடைக்கு முன்பக்கத்தில், இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில், ஃபேனுக்கடியில் உட்கார்ந்து கேட்பாள். கஞ்சி போட்ட துணிமேல் சூடான பெட்டி ஓடுகிற இடம் அது. உள்ளே வந்ததில்லை.

"எரிச்சல் படுறாரா?"

"அய்யோ, எம்மச்சானா? எருமை மேல மழை பேஞ்ச மாதிரிம்மா. எதுக்கும் அசைய மாட்டான்" என்பார் சொட்டுநீலம்.

"இல்லாத குரல் கேக்குதுன்னு, இல்லாத வாடை அடிக்குதுன்னு ஏதாவது சொல்றாரா?"

"மூச்சு விடமாட்டான்!"

அவளும் தலையாட்டியபடி எழுதிக்கொள்வாள். மார்க்கு ஏறிக்கொண்டே போயிற்று. எதற்கும் அசையாதவன், எதற்கும் முகம் சுளிக்காதவன், எதையும் கேட்காதவன் குணமாகிவிட்டான் என்று கணக்கு. அக்காக்காரியும் தலையாட்டினாள். டம்ளரை இரண்டாம் முறை கழுவுகிறவன் எங்கே போனான் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டால் மார்க்கு இறங்கிவிடுமோ என்ற பயம்.

மழை பிடித்துக்கொண்டதும்தான் வம்பு வந்தது. விட்டு விட்டு இல்லை, அடைமழை. பின்பக்கத்துக் கொட்டகையில் கூரை ஒழுகி, பிரிக்காத மூட்டைகளின் மேல் தண்ணீர் கொட்டியது. காயப்போட வழியில்லை என்பதால் துவைப்பதும் பாதி நின்றுபோயிருந்தது. வந்த மூட்டைகளை எங்கே போடுவது? சொட்டுநீலம் அதிகம் யோசிக்கவில்லை. மைத்துனன் படுக்கிற அறையில் போட்டார். கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கடியில், ஜன்னலை மறைத்துக்கொண்டு உத்தரம் வரைக்கும் ஈர மூட்டைகள். நடுவில் கட்டில்மேல் மட்டும் ஓர் ஆள் நீட்டிப் படுக்க இடம் விட்டிருந்தார். அதற்கே பெரிய மனசு என்று அவருக்கு நினைப்பு.

அந்த மழைக்கு நடுவில் ஒரு நாள் காலையில் அவள் தட்டில் சோறும் முட்டையும் கொண்டுபோனபோது தம்பி எழுந்து உட்கார்ந்திருந்தான். மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"அக்கா."

அவன் தானாக வாயைத் திறந்து எத்தனை நாளாயிற்று! அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"என்னடா?"

"நாறுதுக்கா."

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடா நாறுது?"

"அழுகின வாடை. எதுவோ செத்துக் கெடக்கற மாதிரி. உனக்குத் தெரியல?"

அவள் தலையை நிமிர்த்தி மூச்சை இழுத்துப் பார்த்தாள். பொய்யில்லை, நிஜமாகவே இழுத்துப் பார்த்தாள். காற்று உள்ளே போயிற்று, வெளியே வந்தது. ஈரம் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"ஒன்னும் இல்லியேடா. நல்லாப் பாரு, ஒன்னும் இல்ல."

"இருக்குக்கா. நல்லா அடிக்குது."

"இல்லன்னு சொல்றேன்ல? அதெல்லாம் உன் மனசு. அப்படித்தான் முன்னாடியும் ஆரம்பிச்சே. வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

அவன் அவளையே பார்த்தான். பிறகு கையைக் கீழே இறக்கினான். தட்டை வாங்கிக்கொண்டான்.

அவள் நேரே புருசனிடம் போனாள். அவர் துணி அவிக்கிற கொப்பரைக்குப் பக்கத்தில் பிளீச்சிங் பவுடரை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தார். கண்ணெரியும் புகைக்கு நடுவில் அவர் பாட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, தம்பி வாடை அடிக்குதுங்கறான்."

சீட்டி நின்றது. "என்ன வாடை?"

"செத்த வாடையாம்."

"ஆரம்பிச்சிருச்சா!" அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அறைக்குள் போனார். மூட்டைகளுக்கு நடுவே நின்று, நாலு பக்கமும் திரும்பி, மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு வந்தார். "ஒரு மண்ணும் இல்ல. நானும் இத்தனை வருசமா இதுக்குள்ளயே கெடக்கறேன், எனக்குத் தெரியாத வாடையா? மறுபடி மண்டைக்கு ஏறிருச்சுடி அவனுக்கு."

"மார்க்குப் பொண்ணு வர்ற நேரமாச்சே."

"அதான் சொல்றேன். அவ முன்னாடி இதைச் சொன்னான்னா தூக்கிட்டுப் போயிருவாங்க. அந்த ஆஸ்பத்திரி மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக் குடு. படுத்துக் கெடந்தாலும் பரவால்ல, வாயத் தெறக்காம இருந்தாச் சரி."

"டாக்டரைக் கேக்காமயா?"

"டாக்டர் என்ன சொல்வாரு? கொண்டாந்து வார்டுல போடும்பாரு. போடறியா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கையில குடுத்தா ஏன் ரெண்டுன்னு கேப்பான். சோத்துல பிசைஞ்சு குடு" என்றார் அவர், உப்புப் போடச் சொல்கிற மாதிரி.

அன்றைக்கு அவள் மாத்திரையைக் கரண்டியின் முதுகால் நசுக்கினாள். சோற்றில் கொட்டி, முட்டையை உடைத்துப் போட்டு, விரலால் பிசைந்தாள். பிசையும்போதே தன் கையைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சத்தியம் பண்ணின வாய் இதே வாய், பிசைகிற கை இதே கை. ஆனால் பிசைந்தாள். மறுநாளும் பிசைந்தாள். அவன் கேள்வி கேட்காமல் சாப்பிட்டான். வாடையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. வாயோரம் எச்சில் வழிய, பகலெல்லாம் தூங்கினான். மூட்டை பிரிக்க எழுப்பினால் எழுந்து, கண்ணை மூடிக்கொண்டே பிரித்தான்.

"பாத்தியா, அடங்கிருச்சு" என்றார் சொட்டுநீலம்.

மார்க்குப் பொண்ணு வந்த அன்று மழை ஓய்ந்திருந்தது. தெருவில் போகிறவர்கள் கடையைத் தாண்டும்போது முந்தானையையும் கைக்குட்டையையும் மூக்குக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் எப்போதுமே அப்படித்தான். "பெரிய சீமாட்டி, பன்னீர்லயே குளிக்கறவ!" என்று அக்காக்காரி முணுமுணுப்பாள். அன்றைக்கும் முணுமுணுத்தாள்.

தம்பியைக் குளிப்பாட்டி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, முன்பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பெண் மடக்கிய குடையை ஓரமாகச் சாத்திவிட்டு ஃபேனுக்கடியில் உட்கார்ந்தாள். மெலிந்த பெண், காலையிலிருந்து நாலைந்து வீடு ஏறி இறங்கிய களைப்பு முகத்தில் தெரிந்தது.

"நல்லாத் தூங்கறீங்களா?" என்று அவனிடம் கேட்டாள்.

அவன் தலை மார்பில் தொங்கியது.

"கேக்கறாங்கள்ல, சொல்லு மாப்ளே" என்று சொட்டுநீலம் தோளைத் தட்டினார். "ராத்திரியெல்லாம் வேலைம்மா, அதான் அசதி."

"போன தடவை இப்படி இல்லியே." அவள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். வாயோரத்து எச்சிலைப் பார்த்தாள். "இவரு எங்க படுக்கறாரு?"

"உள்ளதான். நல்ல ரூம்பு. தனி ரூம்பு."

"பாக்கலாமா?"

"அதுக்கென்னம்மா, தாராளமா!" சொட்டுநீலத்துக்கு மறைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. ஓர் அறை, ஒரு கட்டில், அதில் மறைக்க என்ன இருக்கிறது? அவரே முன்னால் போய்க் கதவைத் தள்ளினார்.

மார்க்குப் பொண்ணு வாசற்படியில் ஒரு காலை வைத்தாள். உள்ளே வைத்த காலை அப்படியே எடுத்தாள். துப்பட்டாவை மூக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டு திரும்பி, சுவரைப் பிடித்து, நடைவழியிலேயே குனிந்து ஓங்கரித்தாள். கண்ணில் நீர் கொட்டியது.

சொட்டுநீலம் பதறிப்போனார். "என்னம்மா, என்னாச்சு? உடம்பு முடியலியா? மாசமா இருக்கியாம்மா?"

"என்ன... என்ன வாடைங்க இது?"

"வாடையா? என்ன வாடை?"

கிண்டல் இல்லை, நடிப்பு இல்லை. நிஜமாகத்தான் கேட்டார். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். பிறகு அக்காக்காரியைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியல?"

அக்காக்காரி கதவுப் பக்கம் வந்தாள். அவள் அறைக்குள் போய், வாயைத் திறந்து, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. தண்ணீரை மோந்து பார்க்கிற மாதிரி இருந்தது. பிளீச்சிங்கும் சலவைச் சோடாவும் எப்போது இந்த மூக்கைத் தின்று தீர்த்தன என்று அவளுக்கே தெரியவில்லை. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு போனபோதெல்லாம் அவள் அவர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

முன்பக்கத்திலிருந்து தம்பி தள்ளாடியபடி எழுந்து வந்து நின்றான்.

"அடிக்குதுல்ல மேடம்?" நாக்கு குழறியது.

"அடிக்குதுங்க."

"நெசமாத்தான் அடிக்குது?"

"பொறுக்க முடியலைங்க. இதுக்குள்ளயா படுத்திருந்தீங்க?"

அவன் சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை. வழிகிற எச்சிலைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "நான் சொன்னேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அந்தப் பெண் வெளியே போய்க் கடைவாசலில் நின்றபடி எழுதினாள். சொட்டுநீலம் பின்னாலேயே போனார். "மார்க்கைக் குறைச்சிராதீங்கம்மா. அவன் சும்மா சொல்றான், அவனுக்கு அந்த மாதிரி வாடை கீடை எதுவும் தெரியாது."

"தெரியுதுங்களே. அதுக்கு நல்ல மார்க்குத்தான் போட்டிருக்கேன்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே அந்த ரூம்புல அவரைப் படுக்க வைக்கக் கூடாது. அந்த மூட்டையையும் அவர் தொடக் கூடாது. அப்புறம், இவ்வளவு மந்தமா இருக்கறாரே, மாத்திரை டாக்டர் எழுதினபடிதானே குடுக்கறீங்க?"

கேள்வி அக்காக்காரியிடம்தான்.

"ஆமாம்மா. எழுதினபடிதான்" என்றாள் அவள். பொய் எவ்வளவு வழவழப்பாக வந்தது! அடச்சே, இதுவும் ஒரு நாக்கா என்று தன்மேலேயே துப்பவேண்டும் போல் இருந்தது அவளுக்கு.

"சரி. டாக்டர்கிட்ட சொல்றேன். அடுத்த வாரமே கூட்டிட்டு வாங்க." குடையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் வேகமாக நடந்தாள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் துப்பட்டா மூக்கிலேயே இருந்தது.

"அவளுக்கு நாய் மூக்குடி" என்றார் சொட்டுநீலம். "நாலு சுவத்துக்குள்ள உக்காந்து எழுதறவளுக்கு எல்லாந்தான் நாறும். மூட்டையை அவன் தொடக் கூடாதாம்! அப்ப யார் தொடறது, அவளா வந்து பிரிப்பா?"

"நான் பிரிக்கறேன்."

"நீயா? இஸ்திரி யார் போடறது?"

"நீங்க போடுங்க. இல்லாட்டிச் சுருக்கத்தோட குடுங்க. அவனுங்க படுத்துக்கிட்டு என்ன பண்றானுங்கன்னு தெரியாதா, சுருக்கம் ஒன்னுதான் கேடா?"

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அறைக்குள் போனாள்.

மூட்டைகளை ஒவ்வொன்றாக நடைவழி நெடுக இழுத்துக் கொட்டகையில் போட்டாள். மேலே இருந்தவை பரவாயில்லை. கட்டிலுக்கடியில் இருந்ததை இழுத்தபோது முடிச்சு இற்றுப்போய் அவிழ்ந்துகொண்டது. நர்சிங் ஹோம் மூட்டை. பிரசவ அறைத் துணி. எந்த நஞ்சுக்கொடியை எடுத்து வாளியில் போடவேண்டுமோ அதைத் துணியோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டியிருந்தாள் எந்தச் சோம்பேறி ஆயாவோ. கறுத்துக் கூழாகிக் கிடந்தது. அதன்மேல் புழு. அரிசி உலையில் கொதிக்கிற மாதிரி அத்தனையும் நெளிந்தது. சில கட்டில் காலில் ஏறியிருந்தன. தம்பி தலைவைக்கிற பக்கம்.

அவள் கண்ணால் பார்த்துத்தான் ஓங்கரித்தாள். மூக்கு அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கட்டில்மேல் உட்கார்ந்துகொண்டுதான் அவன் கேட்டான், உனக்குத் தெரியலையா என்று. இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் அவள் சொன்னாள், அதெல்லாம் உன் மனசு என்று. அப்படியானால் முதல் தடவை? ஜன்னலில் ஆணி அடித்தது நோய்தான், குரல் கேட்டது நோய்தான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் எதுவோ செத்துக் கிடக்கிறது என்று கத்தினானே, ஒரு ஆளாவது பரண்மேல் ஏறிப் பார்த்தோமா? பார்க்கவில்லை. அவனைத்தான் பிடித்துக் கட்டினோம்.

அறையைக் கழுவி விட்டுவிட்டு, அவனுக்கு ஒரு பாயை முன்பக்கத்தில் இஸ்திரி மேசைக்குக் கீழே விரித்தாள். சோற்றைப் போட்டு, வெறும் சோறும் முட்டையும், எதையும் நசுக்காமல், எடுத்துக்கொண்டு போனாள். அவன் விழித்துத்தான் இருந்தான். தட்டைப் பார்த்தான். வாங்கக் கை நீட்டியவன் ஒரு நொடி தயங்கினான்.

"என்னடா?" என்றாள். பிறகு அவளுக்கே புரிந்தது. "எம்மேலயும் அடிக்குதாடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சும்மா சொல்லுடா. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"அடிக்குதுக்கா. கையில."

"இன்னிக்கா?"

"எப்பவும்தான்."

"பின்ன எப்படிடா சாப்பிட்டே இத்தனை நாளா?"

"மூச்சைப் புடிச்சுக்குவேன்" என்றான் அவன். தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் எடுத்து விழுங்கினான். அடுத்த வாய்க்குக் கை போகும்போது நிறுத்தினான்.

"அக்கா, மாத்திரையைச் சோத்துல பிசையாத. கசக்குது. ரெண்டோ மூணோ, கையில குடுத்துரு. முழுங்கிடறேன்."

அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு குழாயடிக்குப் போய், துணி சோப்பை எடுத்து முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் சோப்பை எடுத்தாள்.